வில்லன் இறந்த புதன்கிழமை

கியோத்தோ, உசுமசா
18 நவம்பர் 1978, சனிக்கிழமை

இசாவோவின் அப்பாவுக்கு மசுயோ எழுதுவது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் சாவுக்கு வந்த பலகாரத்தை நான் தின்றுவிட்டேன். ஒன்று இரண்டு இல்லை, கிட்டத்தட்ட ஒரு தட்டு. எதிர்வீட்டு டோஃபுக்கடை ஹனாயோ அக்கா செய்தது. பொரித்த டோஃபுப் பைக்குள் காடி கலந்த சோற்றைத் திணித்து, எள் தூவி, இனிக்க இனிக்க. அதைப் பார்த்தால் என் கை என் பேச்சைக் கேட்காது என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லாரும் கடிதத்தில் சௌக்கியமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். நான் நிஜமாகவே கேட்கிறேன். ஏனென்றால் போன புதன்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் நம் தெருவில் நீங்கள் இறந்துபோயிருந்தீர்கள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நீங்கள் உயிரோடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேருக்கு அதில் கோபம்கூட இருக்கிறது.

இன்னொரு செய்தி இதைவிடப் பெரியது. நின்றுகொண்டு படித்தால் உட்காருங்கள். அன்று சாயங்காலம் இசாவோ வீட்டுக்கு வந்தான். நம் பிள்ளை இசாவோதான். நாலு வருடமாக இந்த வாசல்படியை மிதிக்காதவன், செருப்பு... இல்லை, ஷூவோடு உள்ளே வந்தான். நேராக அங்கே தாவ வேண்டாம். நான் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பெரியவர்கள் எழுதும் சீன எழுத்துகள் வராது. குழந்தைகள் எழுதும் எழுத்திலேயே நீட்டி நீட்டி எழுதியிருப்பதால் கடிதம் தடிமனாக இருக்கும். விஷயம் அதிகம் என்று பயந்துவிடாதீர்கள்.

ஹாங்காங் படப்பிடிப்புக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் முடித்துக் கொடுத்தீர்களே, கராத்தே பள்ளி ஆசான் வேஷம், அதில் ஆரம்பித்தது வினை. சூப்பில் விஷம் வைத்துக் கொல்கிறார்கள், சட்டை கசங்காமல் மெத்தையில் படுத்துச் சாகிறேன், வாழ்க்கையிலேயே இவ்வளவு மரியாதையாக நான் செத்ததில்லை என்று சந்தோஷப்பட்டீர்கள் அல்லவா? அந்த ஆசானின் இழவுக் காட்சியைப் புதன்கிழமை காலையில் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் இல்லாவிட்டால் என்ன, கறுப்பு நாடா கட்டிய உங்கள் படம் போதுமே. துக்கத்துக்கு உட்கார ஆள் குறைந்ததாம். ஸ்டூடியோ சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் உமெசாவாவுக்குக் கறுப்பு கோட்டு மாட்டி, இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிறவரின் இழவுப் படத்தை ஸ்டூடியோவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். காட்சி முடிந்த கையோடு ஒரு பொட்டலம் உப்பும் ஒரு புட்டி சாக்கே மதுவும் சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, கோயில் நெருப்பில் போடச் சொல்ல வேண்டும். உமெசாவா பயந்த சுபாவம். படம் கையில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உங்களுக்கு ஆபத்து என்று நினைத்து, வேஷத்தைக்கூடக் கழற்றாமல் சைக்கிளில் ஓடி வந்திருக்கிறார். கறுப்பு கோட்டு, கறுப்பு டை, ஊதாத் துணியில் சுற்றிய சட்டம். நான் அந்த நேரம் பார்த்துக் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கதவைத் திறந்தேன். அவர் வாசலில் நின்று துணியைப் பிரித்து, படத்தை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளைய வணங்கி, "அண்ணி, அண்ணன் இத்தனை நாளா நல்லா உழைச்சாரு" என்றார். நான் இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிக்கொண்டேன். எதிர்க்கடையில் ஹனாயோ அக்கா டோஃபுவைத் தண்ணீரிலிருந்து எடுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்த டோஃபு தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எதற்கு விழுந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

உமெசாவா போனதும் படத்தை எங்கே வைப்பது என்று பார்த்தேன். சமையல் பாதியில் நின்றது, கோயிலுக்கு நாளைக்குப் போகலாம் என்று இழுப்பறைப் பெட்டி மேலேயே சாய்த்து வைத்தேன். அங்கே உங்கள் 'ஆண்டின் சிறந்த வில்லன்' சான்றிதழ் இருந்தது. இரண்டும் ஒரே கடைச் சட்டம், ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை தோறும் மூச்சு விட்டு விட்டு நீங்கள் துடைக்கும் சாமான் அது, குழம்புப் புகை படக்கூடாதே என்று உமெசாவா விட்டுப்போன ஊதாத் துணியில் சுற்றிப் பத்திரமாக இழுப்பறைக்குள் வைத்தேன். பாருங்கள், எனக்கு எவ்வளவு பொறுப்பு.

வெங்காயம் வதங்குவதற்குள் வாசலில் கூட்டம். ஹனாயோ அக்கா, முடிவெட்டும் சகாகுச்சி, பொதுக்குளியல் கூடத்து முதலாளி. மூன்று பேரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். சகாகுச்சியின் தோளில் மட்டும் யாருடைய முடியோ இருந்தது. அக்கா தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், தொப்பென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "வெளிநாட்டுல போயா சாகணும் அந்த மனுஷன்! அங்க யாரு அவருக்கு ஒரு ஊதுபத்தி ஏத்துனாங்களோ" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அக்கா அது சினிமாப் படம் என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "தங்கம்டி அந்த ஆளு" என்றாள். எந்த ஹனாயோ அக்கா? நீங்கள் ஒரு படத்தில் கிழட்டுச் சாமியாரை எட்டி உதைத்ததற்காக மூன்று மாதம் உங்களுக்கு முந்தின நாள் பழைய டோஃபுவாகவே கொடுத்தாளே, அதே அக்கா. திறந்த வாயை மூடிக்கொண்டு தேநீர் போட்டேன். நீங்களே சொல்லுங்கள், கல்யாணமான நாளிலிருந்து தெருவில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? 'கொலைகாரன் பெண்டாட்டி'. ரேஷன் காலத்துச் சர்க்கரையைவிட எனக்கு அரிதான நல்ல வார்த்தை நடுக்கூடத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டேன். கேட்டபடியே தின்றேன்.

சகாகுச்சி சொன்னார், வகாயாமாவிலிருந்து மீன் நாற்றத்தோடு நீங்கள் வந்து இறங்கிய கதையை. உங்கள் பெயர் அப்போது வெறும் ஹமாகுச்சி தொகுஜி. அந்தப் பெயருக்கு யார் பயப்படுவான் என்று ஸ்டூடியோக்காரர்கள் 'குரோயிவா கொதெட்சு' என்று மாற்றியது அப்புறம்தானே. "கராத்தே தெரியும்னு சொன்னான். அது இங்க எதுக்குடா, வாள் சினிமாவுல விழத் தெரியுமான்னு கேட்டாங்க. தை மாசக் குளிர்ல பாலத்து மேலேருந்து ஆத்துல விழச் சொன்னாங்க. வெட்டுறவன் தப்பு பண்ணிக்கிட்டே இருந்தான், இவன் விழுந்துக்கிட்டே இருந்தான். கடைசியில உதடு நீலமாயிப்போயி என் கடைக்கு வந்து, அண்ணே, நான் நல்லா விழுந்தேனான்னு என்னையக் கேக்குறான்! நான் பாத்தேனா என்ன?" என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தார்.

குளியல் கூடத்து முதலாளி அதிகம் பேசமாட்டார் அல்லவா. அவர், "புள்ளைங்க மூஞ்சியப் பாத்தா அழும்னு அவரு எப்பவும் சுவத்தப் பாத்துதான் தண்ணியில உக்காருவாரு. முதுகு மட்டும்தான் எனக்குப் பழக்கம்" என்றார். இது எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதே இல்லை. வெங்காயம் இல்லாமல் எனக்குக் கண் கலங்கியது அந்த ஒரு தடவைதான்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். ஓத்சு ஊர்த் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணாக இருந்தபோது, உங்களை உயிரோடு பார்ப்பதற்கு முன்னால் எத்தனையோ தடவை நீங்கள் சாவதைத் திரையில் பார்த்திருக்கிறேன், இந்த ஆள் நிமிர்ந்து நின்றால் எப்படி இருப்பார் என்று பார்க்கத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்றேன். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சாகவில்லை, இது சினிமாவுக்கு எடுத்த படம் என்று சொல்லிவிட்டேன்.

சகாகுச்சி தரையில் உருண்டு சிரித்தார். முதலாளி உங்கள் படத்துக்கு ஒரு தடவை தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொண்டுவந்த ஊதுபத்திக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஹனாயோ அக்கா மட்டும், "வெக்கங்கெட்டவளே, என் தட்டக் குடுடி" என்று பிடுங்கினாள். தட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் திடீரென்று அவள் முகம் அவளுடைய டோஃபு மாதிரியே வெளுத்தது. "அய்யோ மசுயோ. நான் இசாவோவுக்கு போன் போட்டுட்டேனே" என்றாள்.

இசாவோவின் நம்பர் அவளிடம் எப்படி வந்தது என்று இந்த இடத்தில் புருவத்தைத் தூக்குவீர்கள். மாதம் ஒரு தடவை டோஃபுக்கடை போனிலிருந்து நான் அவனோடு பேசுவது வழக்கம். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. கோபம் வந்தால் ஹாங்காங் கடலைப் பார்த்துக் கத்திக்கொள்ளுங்கள். கடலுக்கு ஒன்றும் ஆகாது. உடனே ஓடிப்போய் அவனைக் கூப்பிட்டேன். அவன் வேலை பார்க்கிற ஓசாகா சோயா சாஸ் கிடங்கில், "இசாவோவா? வண்டியோட கிளம்பிட்டானே. அப்பா போயிட்டாருன்னு சொன்னான்" என்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூட இதை வாய்விட்டுப் பேசியதில்லை. நான் தெரிந்துவைத்திருப்பது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கராத்தே படங்களுக்கு மவுசு வந்தது, உங்களுக்கும் யோகம் வந்தது. விழுகிறவராக இருந்தவர் உதைக்கிறவர் ஆனீர்கள். குதித்து, ஒரு சுற்றுச் சுற்றி, வலது காலால் அடிக்கும் உங்கள் காற்றாலை உதையைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். சுவரொட்டியில் உங்கள் முகத்தைவிடப் பாதம் பெரிதாக இருந்தது. அந்தப் பாதத்தை நான்தான் தேய்த்துக் கழுவினேன் என்று குளியல் கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். இசாவோவும் உங்கள் சண்டைக் கூட்டத்தில் சேர்ந்தான். சூடான விளக்கு, களைத்த ஆட்கள், ஒரு சாயங்கால ஷாட். உங்கள் குதிகால் அவன் இடது காதில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் அந்தக் காது திரும்பி வராது என்று சொன்னார்கள். ஸ்டூடியோவில் எல்லார் முன்னாலும் நீங்கள், "அரை நொடி லேட்டா நகர்ந்தான், வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். அடுத்த வாரம் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நீங்கள் செய்தித்தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குப் பச்சை லாரி ஒன்று பாதிச் சக்கரம் சாக்கடை மேல் நிற்க, வாசலில் வந்து நின்றது. நான் பின்கட்டில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்துக்கு வருவதற்குள் அவன் உள்ளே இருந்தான். கிடங்கு உடுப்பு, அதற்கு மேல் ஒரு கறுப்பு டை, காலில் சேறு பிடித்த ஷூ. பாய் மேல் ஷூ! அந்தக் கோலத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட வணங்கிக் கிடந்தான். நான் அவனுடைய இடது பக்கமாக வந்தேன், அவனுக்கு நான் வந்தது கேட்கவில்லை. படத்தைப் பார்த்துப் பேசினான். "அப்பா, நான் லேட்டாத்தான் நகர்ந்தேன். காலைலேருந்து சாப்பிடல, கண்ணு இருட்டுச்சு. சொன்னா ஷூட்டிங்லேருந்து தூக்கிருவீங்கன்னு சொல்லல. உங்க தப்பு இல்லப்பா" என்றான்.

எனக்கு விளையாட்டுப் புத்திதான் அதிகம் என்று நீங்கள் திட்டுவீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு விளையாட்டாக ஒன்றும் வரவில்லை. அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, "எந்திரிடா. உங்கப்பா சாகல. ஹாங்காங்ல வாத்துக்கறி தின்னுக்கிட்டு இருக்காரு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். "அப்ப இது?" என்றான். சொன்னேன். முதலில் அவனுக்கு வந்தது கோபம். "இந்த வீட்டுல எல்லாருக்கும் பைத்தியம்!" என்று கத்தினான். அப்புறம் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, தோள் குலுங்க ஆரம்பித்ததும், நான் பாயைப் பார்த்தபடி, "டேய், ஷூ" என்றேன். தன் காலைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கறுப்பு டையைக் கழற்றி, அதை நனைத்து, பாயை முழுக்க அவனே துடைத்தான். துடைக்கிற சாக்கில் முகத்தை எனக்குக் காட்டவே இல்லை. அச்சு அசல் உங்கள் பிள்ளை. அந்தக் குளியல் கூடத்துச் சுவர் இவனுக்கும் இருக்கிறது.

குழம்பும் சோறும் போட்டேன். முதல் தட்டு நொடியில் காலியானது. இரண்டாவது தட்டில் தலையைத் தூக்காமல் கேட்டான், "அவரு ஏன்மா அந்த உதைய விட்டுட்டாரு?" என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஓசாகாவில் பழைய படம் ஓடும் மலிவுத் தியேட்டரில் உங்கள் படம் எது வந்தாலும் போகிறானாம். ஒன்றையும் விட்டதில்லையாம். எப்போதும் இடது ஓரத்து நாற்காலி, நல்ல காது திரைப் பக்கம் இருக்கட்டும் என்று. "நாலு வருஷமா பாக்குறேன். இடது கால்தான் தூக்குறாரு. அதுவும் துடைப்பம் மாதிரி. காற்றாலையே இல்ல. இடுப்பு அவ்வளவு மோசமா?" என்றான்.

இப்போது உங்கள் இடுப்பைப் பற்றி. போன கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, ஹாங்காங் இயக்குநர் கடைசிச் சண்டையில் காற்றாலை உதை வேண்டும் என்று காலில் விழாத குறையாகக் கேட்கிறார், இடுப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன் என்று. இங்கேயும் எல்லாருக்கும் அதையேதான் சொன்னீர்கள். கதாநாயகனுக்குச் சமமான வில்லன் வேஷங்கள் போய், சூப்புக் குடித்துச் சாகிற வேஷம் வந்ததும் அந்த இடுப்பால்தான். அந்த இடுப்பு போன கோடையில் கூரை மேல் ஏறி ஓடு மாற்றியது. என்னை முதுகில் சுமந்து கியோமிசு மேட்டில் பந்தயம் வைத்தது, ஜெயித்தது. நான் அதை அறிந்த அளவுக்கு டாக்டர்கூட அறியமாட்டார். அதற்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் இசாவோவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் என்னிடம் சொல்லாததை நான் அவனிடம் சொன்னேன். இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மறுநாள் காலை உன் அப்பா கொல்லையில் இறங்கி, காலைத் தூக்கப் போய், தூக்க முடியாமல் சீமைப்பனிச்சை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார், அன்றைக்கு விட்டதுதான் என்றேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன், அதற்குப் பதிலாகக் காலைக் கொடுத்துவிட்டார் என்றேன். கொஞ்சம் சினிமா வசனம் மாதிரி இருந்தது. பரவாயில்லை, உங்களோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேனே.

அவன் மூன்றாவது தட்டையும் தின்றான். ஷூவை மாட்டும்போது முதுகைக் காட்டியபடியே சொன்னான், "அந்த ஹாங்காங்காரன் கேக்குறத செஞ்சு குடுக்கச் சொல்லும்மா. எதிர்ல நிக்கிறவன் காலைல சாப்பிட்டானான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லு. நான் தியேட்டர்ல பாக்கணும்" என்று. சொன்னபடி எழுத வேண்டும் என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டான், நீங்கள் என்றைக்கு வருகிறீர்கள் என்று. அடுத்த மாதம் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, சாயங்கால விமானம், இதாமிக்கு என்றேன். காதைச் சொறிந்துகொண்டு, "அன்னைக்கு அந்தப் பக்கம் ஒரு லோடு இருக்கு" என்றான். சோயா சாஸ் லாரிக்கு விமான நிலையத்தில் என்ன லோடு? நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ஆகையால் இதைக் கவனமாகப் படியுங்கள். இவ்வளவு நீளமாக எழுதியதே இதற்குத்தான். வெளியே வந்ததும் பச்சை லாரி நிற்கும். யாரையோ தேடுகிறவர் மாதிரி அதைத் தாண்டிப் போகாதீர்கள். கண்ணாடியில் மீசையைச் சரிசெய்யாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நேராகப் போய் லாரியில் ஏறிக்கொண்டு, வண்டி ஓடுகிற சத்தத்தில், சாலையைப் பார்த்தபடி, அந்த ஒரு வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, அப்பாடா சொல்லிவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்வீர்கள். அது ஆகாது. ஓட்டுகிறவனுக்கு இடது பக்கத்தில்தான் உங்கள் இருக்கை. அந்தக் காதில் நீங்கள் என்ன சொன்னாலும் அவனுக்கு விழாது. நீங்கள் சொன்ன நிம்மதியோடு வருவீர்கள், அவன் கேட்காத குறையோடு ஓட்டுவான், நான் இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்ற வேண்டும்.

அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கீழே நின்று, அவன் முகத்துக்கு நேராக. சினிமாக் குரல் வேண்டாம். உங்கள் தப்பா அவன் தப்பா என்று நீங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று சண்டை போட்டால்கூட எனக்குச் சம்மதம். ஆனால் வலது பக்கம் நின்று போடுங்கள். பாலத்திலிருந்து குளிர்ந்த ஆற்றில் விழுந்தவருக்கு இது ஒரு உயரமா?

உதைப்பதும் உதைக்காததும் உங்கள் விருப்பம். உதைத்தால் நன்றாகக் காலைச் சூடேற்றிக்கொண்டு உதையுங்கள். எதிரில் நிற்கிற பையனுக்கு முதலில் கஞ்சி வாங்கிக் கொடுங்கள். வயிற்றில் கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள், இந்த வயதில் வீம்பு வேண்டாம். ஊறுகாய்ப் பிளம் தீர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தேதிக்குக் குழம்பு வைக்கிறேன், மூன்று பேருக்கு. எப்போதும் அளவு தப்பி மூன்று பேருக்கே வைத்துவிடுகிறேன் என்று திட்டுவீர்கள் அல்லவா, அந்த அளவுதான்.

எல்லாத் தெய்வங்களும் உங்களை நிமிர்ந்து நிற்கும்படி வைத்திருக்கட்டும். ஒரு தடவை செத்துப் பிழைத்தவருக்கு ஆயுசு கெட்டி என்று ஹனாயோ அக்கா சொல்கிறாள். புது டோஃபு எடுத்துவைப்பதாகவும் சொன்னாள்.

உங்கள்
மசுயோ

பின்குறிப்பு, ஞாயிறு காலை: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். உமெசாவா சொன்னபடி, காலையில் முதல் வேலையாக, பெட்டி மேல் படத்தைக் காணோம், நான்தான் துணியில் சுற்றி வைத்திருப்பேன் என்று நினைத்து, ஊதாத் துணி மூட்டையைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். இழவுப் படத்தைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பதால் பூசாரி பிரிக்காமல் அப்படியே நெருப்பில் வைத்து மந்திரம் சொன்னார். நானும் உப்பைத் தூவி, கைதட்டி, உங்கள் ஆயுளுக்காக வேண்டிக்கொண்டேன். நன்றாக எரிந்தது. வீட்டுக்கு வந்து அரிசி எடுக்கப் போனபோது, டப்பாவுக்குப் பின்னால் கறுப்பு நாடாவோடு நீங்கள் இருந்தீர்கள். பாய் துடைக்கும்போது இசாவோ அங்கே வைத்திருக்கிறான். ஆகவே 'ஆண்டின் சிறந்த வில்லன்' முறைப்படி தகனம் செய்யப்பட்டுவிட்டது. உமெசாவா துணியைத் திரும்பக் கேட்கிறார்.